எட்டாவது இன்னிங்ஸுக்கு முன்னர் எழுந்தவள்

அண்ணா எனக்கு பேஸ்போலைச் சொல்லித்தந்தது மெல்பேண் நோபல் பார்க் வீட்டுக் குசினி மேசையில். சரக்குத்தூள் போத்தல்கள் நான்கைச் சதுரமாக வைத்து, நடுவில் உப்புப் போத்தலை நிறுத்தி, "இதுதான் பந்து எறியிறவர்" என்றார். பிறகு உப்பைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு, மேசை மூலையில் கிடந்த மிளகுப் போத்தலை அந்த இடத்துக்குக் கொண்டுவந்தார். "முதல் எறியிறவருக்குக் கை களைச்சால் கடைசி இன்னிங்ஸுகளில இவர் வருவார். அதுவரைக்கும் வெளியில வாங்கிலதான் குந்தியிருப்பார். இவருக்கு ரிலீவர் எண்டு பேர். அதுதான் நான்." எனக்கு அப்போது பதினைந்து வயது, அவருக்குப் பதினெட்டு. ஓர் ஆட்டத்துக்கு ஒன்பது இன்னிங்ஸ், ஏழோ எட்டோ ஆகும்வரை அண்ணாவைக் களத்தில் தேடக்கூடாது என்பது எனக்கு அன்றைக்கே நன்றாக விளங்கிவிட்டது. ஆகவே, தெரியாமல் செய்தேன் என்று நான் இன்று யாருக்கும் சொல்ல முடியாது.

கிரிக்கெட் விளையாடப் போன அண்ணாவைத் தோளின் பலத்தைப் பார்த்து பேஸ்போலுக்கு இழுத்தவர் பள்ளிக்கூட விளையாட்டு ஆசிரியர். அந்த வருடமே ஓர் அமெரிக்கக் கழகம் அவரை எடுத்துக்கொண்டது. தொலைக்காட்சியில் வரும் பெரிய குழு என்று நினைக்கவேண்டாம். அதற்கு ஐந்தாறு படி கீழே, பெயர் கேள்விப்படாத சின்ன ஊர்களில், பத்து மணித்தியாலம் பஸ்ஸில் போய் இறங்கி விளையாடும் குழுக்கள். இரண்டு வருடம் ஓரிடம், எட்டு மாதம் இன்னோரிடம். "விட்டிட்டாங்கள்" என்று ஒரு தொலைபேசி வரும். அடுத்த கிழமை வேறோர் ஊரின் பெயரைச் சொல்லுவார். ஒரு வருடம் தாய்வானில்கூட இருந்தார். எங்களுக்குக் கோடை வரும்போது மெல்பேணுக்குத் திரும்பி, இங்குள்ள குழுவுக்கு எறிவார். நன்றாக எறிந்த நாட்களில் வந்து, குளிக்கமுதல் இரண்டு கோப்பை சோறு சாப்பிடுவார். எறியாத நாட்களிலும் அவ்வளவுதான் சாப்பிடுவார்.

எனக்கு அவரை நினைத்து வெட்கமாக இருந்தது. இதைச் சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். கோயிலில் அன்ரிமார் கேட்டால், "அண்ணா அமெரிக்காவில படிக்கிறார்" என்றேன். "என்ன படிக்கிறார் பிள்ளை?" என்று ஒருத்தி விடாமல் கேட்டபோது, வாய்க்கு வந்ததைச் சொன்னேன்: ஸ்போர்ட்ஸ் சயன்ஸ். அந்தப் படிப்பை அண்ணா ஏழு வருடமாகியும் முடிக்கவில்லை. தோழிகளுடைய தமையன்மார் டொக்டராகவும் கணக்காளராகவும் ஆகிக்கொண்டிருந்த காலம் அது. அப்படிச் சொல்லச் சொல்லி அம்மாவும் கேட்கவில்லை, அப்பாவும் கேட்கவில்லை. நானாகத்தான் சொன்னேன்.

அப்பா டண்டினோங்கில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்தார். சனி, ஞாயிறும் வேலை. அதனால் மகன் எறிவதை அவர் ஒருநாளும் நேரில் பார்த்திருக்கவில்லை. பேஸ்போல் விதிகளும் அவருக்குத் தெரியாது. தெரிந்ததெல்லாம், கடல் கடந்து வந்து கூப்பிட்டு விளையாட வைக்கும் அளவுக்கு மகனிடம் ஏதோ இருக்கிறது என்பதுதான்.

எனக்குக் கலியாணம் பேசி முற்றாகிய கோடையில், மாப்பிள்ளையின் தகப்பனும் தாயும் சிட்னி வென்ட்வேர்த்வில்லிலிருந்து எங்களைப் பார்க்க வந்தார்கள். அப்பா அந்தச் சனிக்கிழமை லீவு போட்டிருந்தார். மத்தியானச் சாப்பாடு முடிந்ததும், "என்ர மகன் இண்டைக்கு விளையாடுறான், எல்லாரும் போய்ப் பாப்பம்" என்றார். அப்பா அயன் செய்த வெள்ளைச் சேர்ட்டை முன்கூட்டியே எடுத்து வைத்திருந்ததைப் பார்த்தபின், வேண்டாமென்று சொல்ல வாய் வரவில்லை.

மாமா, அதாவது மாப்பிள்ளையின் தகப்பன், யாழ்ப்பாணத்தில் தன் கல்லூரிக்குக் கிரிக்கெட் ஆடியவர். நல்ல மனுஷன், இன்றைக்கும் எனக்கு அவரில் ஒரு குறையும் இல்லை. ஆனால் அவர் அறிந்த விளையாட்டில், ஆட்டம் முழுக்க வெளியே குந்தியிருப்பவன் ஒரே ஒருவன்தான். பன்னிரண்டாவது ஆள். ஐந்தாவது இன்னிங்ஸில், "தம்பியை இன்னும் காணேல்லையே" என்றார். அப்பா மைதானத்தின் தூர மூலையில், வேலிக்குப் பின்னால் இருந்த வாங்கைக் காட்டினார். அங்கே அண்ணா எங்களுக்கு முதுகு காட்டிக்கொண்டு யாருடனோ கதைத்துக்கொண்டிருந்தார். "ஓ, தண்ணி கொண்டு போற ஆளோ?" என்று மாமா சிரித்தார். மாமியும் சிரித்தா. கொஞ்சம் பிந்தி அப்பாவும் சிரித்தார்.

பிறகு அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையில் ஒரு கேள்வி இருந்தது. மகன் இறங்குவானா, மாட்டானா? அண்ணாவிடம் பாடம் படித்தவள் அந்த இடத்தில் நான் ஒருத்திதான். "இன்னும் ரெண்டு இன்னிங்ஸ் பொறுங்கோ அப்பா, அவர் கடைசியிலதான் வருவார்" என்றால் போதும். ஆனால் ஏழு வருடமாகப் படிக்கிற பிள்ளை என்று மாப்பிள்ளை வீட்டுக்கும் நான் சொல்லிவைத்தவர், சம்பளத்துக்குப் பந்து எறிகிறவர் என்று விளக்கத் தொடங்கினால் எங்கே போய் முடியும்? இறங்கி எறிந்தால் அடுத்த கேள்விகள் வரும். இறங்காவிட்டால் ஒரு சிரிப்போடு போகும். "சில நாளில அவரை இறக்கமாட்டினம் அப்பா. ரோட்டில வாகனம் கூடமுதல் போவம்" என்று கைப்பையைத் தூக்கிக்கொண்டு எழுந்தேன். முதலில் எழுந்தது நான்தான். ஆறாவது இன்னிங்ஸ் அப்போதுதான் முடிந்திருந்தது.

வீட்டுக்கு வந்ததும், மற்றவர்கள் இல்லாத நேரம் பார்த்து அப்பாவிடம் சொன்னேன்: "அண்ணாட்டை இதைப் பற்றி ஒண்டும் கேக்காதேங்கோ. அவருக்குக் கவலையா இருக்கும்." அப்பா "ஓம், ஓம், நான் ஏன் கேக்கிறன்" என்றார். சேர்ட்டைக் கழற்றி மடித்து வைத்துவிட்டுப் போய்ப் படுத்தார்.

பின்னேரம் அண்ணா மைதானத்திலிருந்து தொலைபேசியில் என்னைக் கூப்பிட்டார். நாங்கள் பார்க்க வருவோம் என்று அப்பா காலையிலேயே அவருக்குச் சொல்லியிருந்தார். முதல் கேள்வியே, "அப்பா பாத்தவரே?" என்பதுதான். அந்தக் குரலை நான் ஆசை என்று எடுத்துக்கொண்டேன். பாவம், ஒரு நல்ல சொல்லாவது கேட்கட்டும் என்று, "ஓம் அண்ணா, கடைசிவரைக்கும் இருந்து பாத்தவர்" என்றேன். அவர் உடனே "சரி, வைக்கிறன்" என்றார். சந்தோஷத்தில்தான் கதையைச் சுருக்கினார் என்று நினைத்தேன். ஒரு பொய்யால் இரண்டு பேரின் மனத்தைக் காப்பாற்றிவிட்டதாக எனக்கு ஒரு பெருமைகூட இருந்தது. என்ன மனுஷி நான்.

கலியாணமாகி நான் சிட்னிக்குப் போனேன். அண்ணா இன்னும் மூன்று வருடம் ஊர் ஊராக எறிந்துவிட்டு, தோள் போனபின் நோபல் பார்க்குக்கே வந்து சேர்ந்தார். ஒரு களஞ்சியத்தில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் வேலை. அம்மா போனபின் அப்பாவும் அவரும் அந்த வீட்டில் தனியாக இருந்தார்கள். நான் போகும்போதெல்லாம் ஒன்றைக் கவனிப்பேன். தொலைக்காட்சியில் பேஸ்போல் வந்தால் அப்பா அவசரமாகச் சனலை மாற்றுவார். அண்ணா தலையைக் குனிந்து தன் கோப்பையைப் பார்ப்பார். அவர்கள் சுபாவம் அப்படி என்று விட்டுவிட்டேன்.

அப்பாவின் முதலாம் ஆண்டுத் திவசம் போன மாதம் நடந்தது. வந்தவர்கள் சாப்பிட்டுப் போனபின், மத்தியானம் நானும் அண்ணாவும் குசினியில் பெரிய சட்டிகளைக் கழுவிக்கொண்டிருந்தோம். அவர் சட்டியைத் தேய்த்தபடியே சொன்னார்: "அப்பா பாக்க வந்தது ஒரே ஒருநாள். அண்டைக்குப் பாத்து எனக்கு அந்த அடி."

"எந்த அடி?" என்றேன்.

"நீயும் இருந்தனீதானே. எட்டாவதில இறக்கினவங்கள். நாங்கள் ரெண்டு ஓட்டம் முன்னுக்கு. அவங்களில ரெண்டு பேர் ஓட ரெடியா நிண்டவங்கள். என்ர முதல் பந்தையே வேலிக்கு மேலால அடிச்சிட்டான், மூண்டு பேரும் ஓடி முடிச்சிட்டாங்கள். அந்த ஒரு பந்தோட ஆட்டம் போச்சு. பாத்தவரே எண்டு உன்னைக் கேக்கேக்க, இல்லை எண்டு சொல்லமாட்டியோ எண்டு இருந்தது. அதுக்குப் பிறகு அவரைக் கூப்பிட எனக்கு முகம் இல்லை. எத்தினை நல்ல நாள் எறிஞ்சிருப்பன், தங்கச்சி. அவர் பாத்தது அந்த நாளை."

கையிலிருந்த மூடியை வைத்துவிட்டேன். மகனுக்கு விளையாடக் கிடைக்கவில்லை என்று அப்பா அந்த நாளைப் பற்றிப் பதினாறு வருடம் பேசாமல் இருந்தார். தகப்பன் கண்ணுக்கு முன்னால் தோற்றேன் என்று மகன் பதினாறு வருடம் பேசாமல் இருந்தார். ஒரே வீட்டில். இரண்டு பேரின் வாயையும் கட்டியவள் நான்.

"அப்பா பாக்கேல்லை அண்ணா" என்றேன். "நாங்கள் ஆறாவதோடயே வந்திட்டம். நான்தான் வாங்கோ போவம் எண்டனான். உங்களுக்குப் பொய் சொன்னனான்."

அண்ணா தண்ணீரை நிறுத்தினார். அவர் முகத்தில் முதலில் வந்தது ஆறுதல். "அப்ப அவர் பாக்கேல்லை" என்றார். இன்னொரு தரமும் சொல்லி, சிரிக்கக்கூடப் பார்த்தார். அதோடு நிற்கட்டும் என்று நான் மனதுக்குள் கும்பிட்டேன். நிற்கவில்லை.

"அப்ப என்னை என்னெண்டு நினைச்சவர்?"

"வாங்கில இருக்கிற ஆள் எண்டு. மாமா சிரிச்சவர். எனக்கு வெக்கமாப் போச்சு." நாற்பதை நெருங்கியவள், பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரிப் பதில் சொன்னேன்.

அவர் கோபிக்கவில்லை. கோபித்திருந்தால் நல்லது. கையைத் துடைத்துக்கொண்டு, மிகவும் மெல்லச் சொன்னார்:

"அந்த அடியை அவர் பாத்திருந்தாலும் பறவாயில்லை, தங்கச்சி. நான் எறிஞ்சனான் எண்டாவது தெரிஞ்சிருக்கும்."