பழகுவதற்கு ஒரு கை

ராமேஸ்வரம் போகிற பேருந்திலேயே என் மூன்று வயது மகள் வாந்தியெடுத்துத் துவண்டுவிட, தங்கச்சிமடத்தில் இறங்கி ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் உட்கார்ந்திருக்கிறேன். டிரிப்ஸ் ஏற்ற வேண்டுமாம். வெள்ளைக் கோட்டுப் போட்ட வெளிநாட்டுப் பெண் ஒருத்தி குழந்தையின் கையில் நரம்பு தேடிக் குத்துகிறாள். கிடைக்கவில்லை. மறுபடியும் குத்துகிறாள். நர்ஸ் பக்கத்தில் நின்று பார்க்கிறார்.

"குடுத்துவச்சவ தாயி நீ. பாரின் டாக்டரு கைராசின்னு நாங்க விடியக்காலமே வந்து காத்துக்கெடக்கோம்" என்கிறார், காய்ச்சலில் கிடக்கும் மகனை மடியில் வைத்திருக்கும் மீனவப் பெண்.

நானும் அப்படி நம்பித்தானே கையைப் பிடித்துக்கொடுத்தேன்? அடுத்த ஊசியை அவள் பிரிக்கும்போதுதான், கேட்டால் தப்பாக நினைப்பாளோ என்று தயங்கி, "நீங்கள் டாக்டர்தானே?" என்று ஆங்கிலத்தில் கேட்கிறேன்.

"மாணவி" என்று சிரிக்கிறாள். "எங்கள் ஊரில் பார்க்க மட்டும்தான் விடுவார்கள். அதனால்தான் இங்கே வந்தேன்."

குழந்தையின் கையை இழுத்துக்கொள்கிறேன். "என் மகள் கை நீ பழகுறதுக்கு இல்ல" என்று தமிழிலேயே கத்துகிறேன். நர்ஸ் ஊசியை வாங்கி ஒரே குத்தில் நரம்பைப் பிடித்துவிடுகிறார்.

"இத முதல்லயே செஞ்சிருக்கலாமே சிஸ்டர்?"

"அந்தப் புள்ளையும் கத்துக்கணும்ல மேடம்."

மீனவப் பெண்ணிடம் திரும்புகிறேன். "அக்கா, அது டாக்டர் இல்ல. படிக்கிற பொண்ணு."

"இருக்கட்டும் தாயி. அம்புட்டுத் தூரத்துலருந்து நமக்காக வந்திருக்குல்ல" என்றபடி அவர் மகனின் சட்டைக் கையைச் சுருட்டிவிடுகிறார்.