ஹவானாவுக்குப் போகாத பம்புசெட்டு

ஜும்ஆ தொழுகை முடிந்த நேரத்தில் ஜக்கரியா நானாவின் மகன் போனில் அழைத்தார். "வாப்பா மௌத்தாயிட்டாங்க சார்." சாயங்காலத்துக்குள் கம்யூனிஸ்ட் கட்சி அஞ்சலிச் சுவரொட்டி ஒட்டிவிட்டது: 'கியூபாவின் உற்ற தோழர்'. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கல்லூரியில் எனக்கு மூத்தவர், அதனால் அண்ணன் என்ற முறையில் 'நானா'. இருவரும் பொருளாதாரம் படித்தோம். நான் வாத்தியாரானேன், அவர் காரைக்காலில் பம்புசெட்டுக் கடை வைத்தார். வர்த்தகத் தடையில் சிக்கிய கியூபா போன்ற கம்யூனிஸ்ட் நாடு முன்னேறுமா என்று நாங்கள் கருத்தரங்குகளில் பேசிக் கலைந்தோம். அவர் கேட்டது ஒன்றுதான்: "தண்ணி எறைக்க மோட்டார் இல்லாம எப்படி தம்பி வெளையும்? வெளையலன்னா சோத்துக்கும் வெளியில கையேந்தணும்."

கியூபா அரசையும் அவர் விட்டுவைக்கவில்லை. "வெளைவிக்கிறவனுக்கு வெல குடுக்கலியே, அது அவங்க தப்பு" என்று கட்சி மேடையிலேயே சொன்னார். அதன் பிறகு அவரை மேடைக்குக் கூப்பிடவில்லை.

பிறகு கியூபாவிலுள்ள கூட்டுறவுப் பண்ணை ஒன்று மாதிரிக்கு ஒரு டீசல் பம்பு கேட்டது. நானா மரப்பெட்டியில் அடைத்து, கறுப்பு மையில் 'ஹவானா' என்று தன் கையால் எழுதினார். அங்கிருந்து வரும் பணத்தைக் கையாள முடியாது என்று வங்கி கைவிரித்தது.

"சட்டப்படி தப்பில்ல பாய். அந்த ஊர் பேரப் பாத்தாலே மேலிடம் பயப்படுது" என்றார் மேலாளர்.

"தடை போட்டவன் அமெரிக்காவுல இருக்கான். அவனுக்குக் காவக்காரன் காரைக்கால்லயா?"

கட்சிச் செயலாளரிடம் போனோம். டெல்லியில் ஒரு வார்த்தை சொன்னால் வேறு வழி பிறக்கலாம். அவர் சிரித்தார். "லாபத்துக்கு நீங்க யாவாரம் பண்ண, கட்சி சிபாரிசா பாய்?"

"லாபமில்லாம அனுப்புனா அது தர்மம் தோழர். தர்மத்துல எந்த நாடு முன்னேறியிருக்கு?"

மறுவாரம் அதே செயலாளர் பேருந்து நிலையத்தில் கியூபாவுக்காக முழங்கினார். ஒலிபெருக்கிக்கும் மாலைக்கும் குறைவில்லை.

வரிச்சிக்குடி விவசாயிகள் அந்தப் பம்பை விலைக்குக் கேட்டார்கள். "பேர் எழுதியாச்சுங்க, அது வேறொருத்தங்களோடது" என்று கடைசிவரை மறுத்தார் நானா. வீண் பிடிவாதம் என்று நானே சண்டை போட்டிருக்கிறேன்.

அடக்கம் முடிந்து கடை வாசலில் இரங்கல் கூட்டம். நாற்காலி போதவில்லை. செயலாளர் அந்தப் பெட்டியின் மேல் உட்கார்ந்து, நானாவின் சர்வதேச உணர்வைப் பற்றி உருகினார். வங்கி மேலாளரும் தலையாட்டினார்.

நான் எழுந்து போனேன். "எந்திரிங்க."

"என்ன சார், துக்க வீட்டுல..."

"எந்திரிங்க தோழர். இத்தன வருசம் உட்கார்ந்தது போதும்."

அவர் எழுந்தார். நானாவின் மகன் துண்டால் தூசியைத் துடைத்தார். கறுப்பு மை கொஞ்சமும் அழியவில்லை.

போய் வாருங்கள், நானா. பெட்டி இன்னும் இங்கேதான் இருக்கிறது.