திண்டிவனம் கிளைச்சிறைக்கு மாத்திரை கொண்டுபோன கதை

போன மாதம் ஒரு திங்கட்கிழமை காலை ஆறரைக்கு விழுப்புரத்தில் பேருந்து ஏறினோம், நானும் என் தங்கையும். அடிதடி வழக்கில் ரிமாண்டாகித் திண்டிவனம் கிளைச்சிறையில் இருந்த அவள் கணவருக்கு எச்.ஐ.வி. மாத்திரை சேர்க்க வேண்டும். தினமும் தவறாமல் போட வேண்டியது, ஏற்கெனவே இரண்டு நாள் விட்டுப்போயிருந்தது. (இருவரும் சம்மதித்த பிறகே எழுதுகிறேன்.) ஜெயில் எப்படித்தான் இருக்கும் என்று பார்க்கும் ஆசையும் எனக்கு இருந்தது, பொய் சொல்வானேன்.

நாற்பது கிலோமீட்டர், ஒரு மணி நேரம். வாசலில் காவலர் மாத்திரை டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதில் லேபிளே இல்லை. மாமியார் கண்ணில் படக்கூடாதென்று தங்கை மாதாமாதம் சுரண்டி எடுத்துவிடுவாள்.

“பேரே இல்லாத மாத்திரைய எப்படிம்மா உள்ள வுடறது? இன்னா நோவு அவருக்கு?”

பின்னால் கூட்டம். அதில் எங்கள் தெருக்காரர் ஒருவரும் இருந்தார்.

“சுகருங்க” என்றாள் தங்கை.

“சுகருக்கு இங்கியே குடுப்பாங்க. எடுத்துக்கினு போ.”

சொன்ன பொய்யே எங்களைத் திருப்பி அனுப்பிவிட்டது.

வந்த வழியே முப்பது கிலோமீட்டர் திரும்பி, முண்டியம்பாக்கம் அரசு மருத்துவமனையில் இறங்கினோம். அவர் மாத்திரை வாங்குவது அங்கேதான். நடந்ததைக் கேட்டும் எச்.ஐ.வி. பிரிவின் ஆலோசகர் அம்மா கடிந்துகொள்ளவில்லை.

“கேட்ல நின்னுக்கினு ஏம்மா சொல்லணும்? அவரு உள்ள இருக்காருன்னு எங்களாண்ட சொன்னா போதும். ஜெயிலு டாக்டராண்ட நான் பேசறேன். உங்க வூட்டுக்காரர தனியா கூப்ட்டு கேட்டுட்டு குடுப்பாங்க.”

மற்ற கைதிகளுக்குத் தெரிந்துவிடாதா என்று கேட்டேன்.

“பிரஷரு, சுகரு, வலிப்பு எல்லாத்துக்கும் ஒரே வரிசைங்க. யாருது இன்னா மாத்திரைன்னு யாருக்குத் தெரியும்?”

சிறைக்குள் வருகிறவர்கள் விரும்பினால் எச்.ஐ.வி. பரிசோதனையும் செய்துகொள்ளலாமாம். இதெல்லாம் எனக்குப் புதுச் செய்தி. உங்கள் வீட்டிலும் இப்படி நேர்ந்தால் முதலில் மாத்திரை வாங்கும் இடத்துக்குப் போங்கள், சிறை வாசலுக்குப் பிறகு போகலாம். பார்க்கப் போகும்போது ஆதார் அட்டையை மறக்க வேண்டாம்.

அடுத்த வாரம் கம்பி வலைக்கு அந்தப் பக்கம் மாப்பிள்ளை நின்றார். இளைத்திருந்தார்.

“மாத்திரை போட்டுக்கிறீங்களா?” என்றாள் தங்கை.

“வூட்ல பாத்ரூம் கதவ சாத்திக்கினு போட்டுக்குவேன். இங்க எல்லார் எதிர்லயும் நின்னு போட்டுக்கறேன் புள்ள” என்று சிரித்தார்.

அவள் சிரிக்கவில்லை. “ஜாமீன்ல வூட்டுக்கு வந்தா மறுபடி கதவ சாத்திக்குவீங்களா?”

“அத நீதான் சொல்லணும்.”

திரும்பும் பேருந்தில் விக்கிரவாண்டி தாண்டும்போது அவள் பையிலிருந்த லேபிள் இல்லாத டப்பாவை எடுத்துப் பார்த்தாள். பிறகு, “அண்ணா, அத்தையாண்ட நானே சொல்லிடறேன்” என்றாள்.