ஊசியக்காவின் பன்னிரண்டு வாரங்கள்

ஆஸ்பத்திரியில் எல்லோருக்கும் அவள் ஊசியக்கா. ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் இருபத்தொரு வருஷ வேலை. நரம்பே தெரியாத கையிலும் ஒரே குத்தில் ரத்தம் எடுத்துவிடுவாள். நாற்பத்தாறு வயதில் அவள் பல்கலைக்கழக மாலை வகுப்பில், அதுவும் அறிவியல் தத்துவம் என்ற பாடத்தில் போய்ச் சேர்ந்ததற்குக் காரணம் ஒரு சர்க்கரை எண்.

போன வருஷம் ஒரு தையல்காரருக்குச் சர்க்கரை எக்கச்சக்கமாகக் காட்டியது. சந்தேகப்பட்டு இன்னும் இரண்டு தடவை ஓட்டிப் பார்த்தாள். மூன்றும் ஒரே எண். கையெழுத்துப் போட்டு அனுப்பினாள். மருந்தைக் கூட்டிக் கொடுத்தார்கள். மறுநாள் மனிதர் சர்க்கரை அடியோடு இறங்கி, தையல் மெஷின் மேலேயே மயங்கிச் சாய்ந்தார். நல்லவேளை, பிழைத்துக்கொண்டார். இயந்திரத்தில் ஊற்றிய ரசாயனம் கெட்டுப்போயிருந்தது பிறகுதான் தெரிந்தது. யாரும் அவளைக் குறை சொல்லவில்லை. அதுதான் அவளைப் பாடாய்ப் படுத்தியது.

"மூணு தடவை பார்த்தேங்க. மூணும் பொய்னா, எதை வெச்சு எதை நம்புறது?" என்று கணவரிடம் கேட்டாள்.

அவர் லிப்ட் மெக்கானிக். "என்னைக் கேட்டா? கம்பி அறுந்தா கீழ விழும். எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான்."

முதல் வகுப்பில், அவளைவிடப் பத்து வயது இளையவரான ஆசிரியர் பாடத்திட்டத்தை நீட்டினார். பன்னிரண்டு வாரம், இருபத்துநான்கு கட்டுரைகள் படிக்க, ஒன்று எழுத, கடைசியில் தேர்வு. "வாரத்துக்கு ஒன்பது மணி நேரம் வேணும். இன்னைக்கே திட்டம் போட்டுடுங்க" என்றார்.

திட்டம் போடுவது அவளுக்குக் கை வந்த கலை. பெரிய தாளில் கட்டம் கட்டினாள். காலை ஐந்திலிருந்து ஆறரை வரை படிப்பு, பக்கத்துக்கு ஆறு நிமிஷம், ஞாயிறு குறிப்பெடுக்க, கடைசி இரண்டு வாரம் திருப்பிப் பார்க்க. நான்கு நிறப் பேனாவில் எழுதி ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டினாள்.

"இதுல என் சாப்பாடு எங்க வருது?" என்றார் கணவர்.

"பச்சைக் கலர். பாருங்க, ஓரமா."

முதல் நாள் முதல் பக்கம் நாற்பது நிமிஷத்தை விழுங்கியது. ஒவ்வொரு வார்த்தையும் தெரிந்த வார்த்தைதான்; வரியாகச் சேர்ந்ததும் ஒன்றும் பிடிபடவில்லை. வாரக் கடைசியில் தொண்ணூறு பக்கத்தில் நாலு தேறியிருந்தது. இரண்டாவது திட்டம் போட்டாள்.

மூன்றாம் வாரம் கணவர் ஏணியிலிருந்து வழுக்கி விழுந்து குதிகால் எலும்பை உடைத்துக்கொண்டார். ஆறு வாரம் காலை ஊன்றக் கூடாது. அதே வாரம் கூடத்தில் உடன் வேலை செய்தவள் பிரசவ விடுப்பில் போனாள். அந்த வேலையும் இவள் தலையில் விழுந்தது. திட்டம் மூன்று, நான்கு என்று வளர்ந்தது. படிப்புதான் நின்ற இடத்திலேயே நின்றது.

"என்னால உன் படிப்பு கெடுது. நீ சமை, நான் வாசிக்கிறேன்" என்று அவர் கட்டிலில் இருந்தபடியே புத்தகத்தை வாங்கினார். மூச்சு விடாமல் வாசித்தவர் ஓர் இடத்தில் நின்றார். "'ஆகவே'ன்னு போட்டிருக்கான். எதுக்குடி ஆகவே?"

"எனக்கும் தெரியலங்க."

இருவரும் சிரித்துவிட்டார்கள். பிறகு அவள் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு, அந்தச் சத்தத்தில் அழுதாள்.

கட்டுரை கொடுக்க வேண்டிய தேதி ஆறாம் வாரம் கடந்துபோயிற்று. ஆசிரியரின் அறைக்குப் போய், ஐந்தாவது திட்டத்தை மேஜைமேல் விரித்தாள். "சொதப்பிட்டேன் சார்."

அவர் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். "இவ்வளவு அழகா யாரும் திட்டம் போட்டதில்ல மேடம். படிச்சது எவ்வளவு?"

"இருபத்திரண்டு பக்கம்."

"தேதியை நீட்ட எனக்கு அதிகாரம் இல்ல. கட்டுரைக்கான மார்க் போனது போனதுதான். இனிமே எல்லாத்தையும் படிக்கவும் முடியாது. ஒரு தலைப்பை எடுத்துக்கோங்க. தேர்வுல வந்தா உண்டு."

"வரலன்னா சார்?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எனக்கும் தெரியல மேடம்."

ஒரே சோதனையைத் திரும்பத் திரும்பச் செய்தால் அது எதை நிரூபிக்கிறது என்ற தலைப்பை எடுத்துக்கொண்டாள். பஸ்ஸில் நின்றபடி படித்தாள். ரத்தம் எடுத்த கண்ணாடிக் குழாய்கள் இயந்திரத்தில் சுழலும் பத்து நிமிஷத்தில் படித்தாள். பத்தாம் வாரம், ஒருவர் கையில் பட்டையைக் கட்டி ஊசியை எடுத்தபோது, அந்த வாதம் சட்டென்று விளங்கியது. ஒரே இயந்திரம் பத்து தடவை சொன்னால் அது பத்து சாட்சி ஆகாது. ஒரே சாட்சி பத்து தடவை பேசுகிறது, அவ்வளவுதான். அப்படியே நின்றுவிட்டாள்.

"என்னம்மா, குத்தலையா?" என்றார் அந்த மனிதர்.

தேர்வில் மூன்று கேள்விகள். ஒன்று அவளுடையது. தையல்காரரையும் சேர்த்துப் பதினோரு பக்கம் எழுதினாள். இரண்டாவதை ஒப்பேற்றினாள். மூன்றாவதில் கேள்வியே புரியவில்லை. மீதி ஒரு மணி நேரம் பேனா மூடியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

நாலு மார்க்கில் தேர்ச்சி கைவிட்டுப் போயிற்று. அடுத்த வருஷம் எழுதலாமா என்று அலுவலகத்தில் கேட்டாள். ஆசிரியர் வேறு ஊருக்குப் போகிறாராம், பாடம் கிடையாதாம். "வேற ஏதாவது பாடம் பாருங்களேன்" என்றார் குமாஸ்தா.

கணவர் ஊன்றுகோலோடு வாசல்வரை வந்தார். "நாலா? வெறும் நாலா? அந்தப் பதினோரு பக்கத்துக்கு எவ்வளவு போட்டாங்களாம்?"

"அதெல்லாம் சொல்ல மாட்டாங்களாம்."

அவருக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

மறுநாள் வேலைக்குப் போகும் வழியில் நூலகப் புத்தகங்களைத் திருப்பிக் கொடுத்தாள். நூலகர் ஒன்றை மட்டும் அவள் பக்கம் தள்ளினார். "இதுக்கு இன்னும் எட்டு நாள் இருக்கு. வெச்சுக்கோங்க."

அவள் அதை வாங்கிக்கொண்டாள். பைக்குள் போட்டுக்கொண்டு நடந்தாள். பரிசோதனைக் கூடத்து பெஞ்சில் சீட்டும் கையுமாக முப்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். கையுறையை மாட்டிக்கொண்டு முதல் ஆளைக் கூப்பிட்டாள்.