வாடகை டின்னைத் தொடாத மாதம்

ரப்பர் தோட்டங்களில் ஆள் குறைத்துக் கப்பல் கப்பலாக இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்த காலம் அது. பினாங்கில் கணக்கெழுதும் கிராணியாக இருந்த என் வீட்டுக்காரருக்கு வேலை போகவில்லை, சம்பளம்தான் பாதியாயிற்று. அன்று மாலை அவர் சட்டையைக்கூடக் கழற்றவில்லை.

"இந்தக் காசுல வீடு ஓடுதான்னு ஒரு மாசம் பாக்குறேன். ஓடலைன்னா நீயும் புள்ளையும் ஊருக்குப் போயிருங்க. நான் எங்கயாச்சும் கெடந்துக்குவேன்" என்றார்.

கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் பயம். கோபத்தில் சொன்னதை மறுநாள் மறந்துவிடுவார். ஊரில் எனக்கு இருந்தது அண்ணன் வீடு ஒன்றுதான். நான் கப்பலேறிய வாரமே என் பெட்டி இருந்த மூலையில் அண்ணி நெல்மூட்டையைப் போட்டுவிட்டாளாம்.

நான் மூன்றாம் வகுப்புவரை படித்தவள். கூட்டலும் கழித்தலும் வரும். பால் டின்களைக் கழுவிக் காயவைத்து, வாடகைக்கு ஒன்று, அரிசிக்கு ஒன்று, விறகு எண்ணெய்க்கு ஒன்று, மீதிக்கு ஒன்று என்று பிரித்துப் போட்டேன். ஒன்றிலிருந்து எடுத்து இன்னொன்றில் போடக்கூடாது என்று எனக்கு நானே சட்டம் வைத்தேன். பசாருக்குக் கடை கட்டும் நேரத்தில்தான் போவேன். பேரம் பேச வாய் வராது. கூடையோடு நின்றுகொண்டே இருப்பேன். கீரை விற்கும் சீனக் கிழவி அலுத்துப்போய் அவளாகவே விலையைக் குறைப்பாள்.

பாதி மாதம் ஓடிவிட்டது. அப்போது இவருடைய பெரியப்பா மகனும் அவர் மனைவியும் மூட்டையோடு வந்தார்கள். தோட்டத்தில் வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள், கப்பல் வரும்வரை எங்களோடு தங்க வேண்டும். "அண்ணிக்கு இன்னும் கொஞ்சம் சோறு போடு" என்பார் இவர். போடுவேன். அகப்பை பானையின் அடியில் தட்டும்.

ஒரு காலையில் அரிசி தீர்ந்தது. அரிசி டின்னிலும் மீதி டின்னிலும் காசில்லை. வாடகை டின்னைத் தொட்டால் நானும் கப்பலில்தான். வீட்டில் வேறு அரிசி இருந்தது. பிள்ளைக்கு அம்மை கண்டு இறங்கியபோது அம்மனுக்கு நேர்ந்துகொண்டது அது. உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி எடுத்து ஆடிக் கஞ்சிக்கென்று தனிப் பானையில் சேர்த்து வந்தேன். அதில் கைவைத்தால் பிள்ளைக்கு என்ன ஆகுமோ. பானையைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பெரியப்பா மகனின் மனைவி, அந்த அக்கா, அடுக்களைக்குள் வந்தாள்.

"ஏம் புள்ள, பானையத் தொறந்து வச்சுக்கிட்டு ஒக்காந்திருக்க?"

"அம்மனுக்கு வச்ச அரிசிக்கா. வேற இல்ல."

"கஞ்சி யாருக்கு ஊத்துவாங்க? பசிச்சவனுக்குத்தானே? நாங்க ஆடிக்கு முந்தியே வந்துட்டோம், அம்புட்டுத்தான்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. "அவ கோவிச்சுக்கிட்டா எம் பேரச் சொல்லு. நாந்தான் கப்பலேறப் போறேனே, கடல்ல நீந்தியா வரப்போறா?" என்று அவளே அள்ளிக் களைந்தாள். கஞ்சியாகக் காய்ச்சினோம். அன்று முழுதும் பிள்ளையின் நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன்.

அவர்கள் கிளம்பிய நாளில் வழியனுப்ப இவர் என்னையும் கூப்பிட்டார். தலைவலி என்றேன். துறைமுகத்தில் வைத்து, நீயும் ஏறிக்கொள் என்று சொல்லிவிட்டால்? இவர் திரும்பி வரும்வரை பிள்ளையை மடியிலிருந்து இறக்கவில்லை.

மாதக் கடைசியில் வாடகை வசூலிக்கிறவர் வந்தார். இவர் டின்னைக் கவிழ்த்து எண்ணிக் கொடுத்தார். கதவைச் சாத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"ரெண்டு பேர் வந்து தின்னுமா மிஞ்சிச்சு?"

அம்மன் அரிசியைச் சொல்ல நா எழவில்லை. "ஓடுச்சு" என்றேன்.

"சரி. அடுத்த மாசமும் பாப்போம்."

அவர் மெச்சித்தான் சொன்னார் என்று இப்போது புரிகிறது. அன்று எனக்கு, இன்னும் ஒரு மாதம் என்றுதான் கேட்டது. புதுச் சம்பளத்தைப் பிரிக்க உட்கார்ந்தேன். வாடகையை முதலில் போட்டேன். அம்மனுக்குத் திருப்ப வேண்டிய அரிசிக்கு எதில் குறைப்பது என்று தெரியாமல், மீதிக் காசைக் கையில் வைத்துக்கொண்டிருந்தேன். பிள்ளை பக்கத்தில் நன்றாகத்தான் விளையாடிக்கொண்டிருந்தான்.