மாடிக்குப் போகாத ரொட்டி

கடைசித் துண்டு ரொட்டியை விழுங்கியதும் பேரின்பநாயகம் எழுந்து நின்று சட்டையை உதறுகிறார். காலரை உதறுகிறார். சட்டைப் பையைத் தட்டிப் பார்க்கிறார். குனிந்து கால்சட்டை மடிப்பில் ஏதாவது சிக்கியிருக்கிறதா என்று தேடுகிறார். பிறகு பக்கத்துக் காப்பிக்கடைக் குழாயில் முழங்கைவரை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வந்துதான், கல்மேசையின் மறு ஓரத்தில் வைத்த கைப்பேசியைத் தொடுகிறார். ஆங் மோ கியோவில் அவருடைய அடுக்குமாடிப் புளோக்கின் கீழ்த்தளத்தில் தினமும் காலையில் நடக்கும் கூத்து இது.

"ஏன் சார், மேல வீட்ல மேசை இல்லையா?" என்று கேட்பார் எதிர்மேசையில் பேப்பர் படிக்கும் ரெங்கசாமி.

"இங்க காத்து நல்லா வருது லா."

அங்கே எந்தக் காற்றும் வருவதில்லை. அது இருவருக்கும் தெரியும்.

கப்பல் கம்பெனி ஒன்றில் கணக்குப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ரொட்டி சுடும் நாளிலும் இஸ்திரி போட்ட முழுக்கைச் சட்டைதான். ஓவன் முன்னால் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, உள்ளே வேகும் ரொட்டியிடம் ஆபீஸ் குரலில் பேசுவார். "இன்னும் ஆகலையா? சரி, டைம் எடுத்துக்குங்க." சில நாள்களில் அந்த வீட்டில் ஒலிக்கும் பேச்சு அவ்வளவுதான்.

மாவை அவரே அரைப்பார். மேசைமேல் வைக்கும் சின்னக் கல் மில். தானியம் உள்ளே போய் மாவு கீழே கொட்டக் கொட்ட, உள்ளங்கையை அதில் புதைத்துக்கொள்வார். புதிதாக அரைத்த மாவுக்கு ஒரு சூடு உண்டு. கை பிடிக்க ஆளில்லாதவருக்கு அந்தச் சூடு பிடித்துப்போனதில் ஆச்சரியம் இல்லை.

இந்தப் பைத்தியம் ஆரபியால் வந்தது. ஆரபி அவருடைய தம்பி மகள். தம்பி குடும்பம் பெர்த்தில் இருக்கிறது. இவள் மட்டும் வேலைக்காக ஈசூனில் அறை எடுத்துத் தங்கியிருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை வருவாள். இந்த ஊரில் அவருக்கென்று இருக்கும் ஒரே சொந்தம். அவளுக்கு அடிக்கடி வயிற்றுவலி. கடை மாவுதான் காரணம் என்று தானாகவே முடிவுகட்டினார் பெரியப்பா. பழைய ரகக் கோதுமை வயிற்றுக்கு இதம் என்று எங்கோ படித்துவிட்டு மில்லை வாங்கினார். லிட்டில் இந்தியாவில் அஹமது கபீர் கடையிலிருந்து சம்பா கோதுமையை மூட்டையாகத் தூக்கிவந்தார். ஞாயிறுதோறும் ஆரபி சப்புக்கொட்டிச் சாப்பிட்டாள். மீதியைப் பொட்டலம் கட்டியும் கொடுத்தனுப்பினார்.

வலி கூடிக்கொண்டே போனது. அவள் சொல்லவில்லை. பெரியப்பா ஆசையாகச் செய்கிறாரே என்று ஒரு வருஷம் வாயைத் திறக்காமல் தின்றாள். மயங்கி விழுந்த பிறகுதான் டாக்டர் கண்டுபிடித்தார்: கோதுமைதான் அவளுக்கு ஆகாது. பழசோ புதுசோ, ஒரு பொடி உள்ளே போனாலும் குடலைப் புண்ணாக்கும்.

"உங்க தப்பு இல்ல பெரியப்பா. யாருக்குமே தெரியல லா," என்றாள். அடுத்த ஞாயிறு வரும்போது தன் சாப்பாட்டுப் பெட்டியையும் தன் கரண்டியையும் கொண்டுவந்தாள். அவர் மேசையில் உட்கார்ந்து, அவர் தட்டைத் தொடாமல் சாப்பிட்டுவிட்டுப் போனாள். கதவைச் சாத்திவிட்டு அவர் அழுதார்.

மறுநாளே ஆரம்பித்தார். ரொட்டியைப் பொங்கவைக்க ஒரு வருஷமாக வளர்த்த புளிமாவைச் சிங்க்கில் கொட்டினார். மரப்பலகை, பிரம்புக்கூடை, தட்டு எல்லாம் போயின. ஓவனைத் தேய்த்துத் தேய்த்து விரல் புண்ணானது. மில் மட்டும் மசியவில்லை. கல்லுக்குள் இறங்கிய மாவை எந்தச் சோப்பும் எடுக்காது. அதைக் கபீரின் மனைவி கதீஜாவுக்குக் கொடுத்துவிட்டு வேறு மில் வாங்கினார். மில் வந்த பெட்டியை அவர் பிரிக்கவில்லை. ஆரபி வந்து, தன் கையால் டேப்பை வெட்டட்டும் என்று கத்தரிக்கோலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

இப்போது அதில் அரைபடுவது வரகும் சாமையும். கபீர் சாக்கிலிருந்து அள்ளிக் கொடுக்க வந்தால் தடுத்துவிடுகிறார். அதே கரண்டியால்தானே கோதுமையும் அள்ளுகிறார்கள்.

"என்னண்ணே, எங்க கடை சாமான் ஆகாதா இப்ப?"

"பாக்கெட்ல சீல் போட்டதுதான் வேணும் பாய். கோவிச்சுக்காதீங்க."

கபீர் கோபித்துக்கொள்ளவில்லை. பழைய மில்லில் கதீஜா அரைத்துச் சுட்ட சம்பா கோதுமை ரொட்டியில் பாதியை, வாராவாரம் காகிதத்தில் சுற்றிக் கொடுக்கிறார். வரகு ரொட்டி பிட்டு மாதிரி உதிரும். இவர் நாக்கு கோதுமைக்கு ஏங்கும். ஆனால் அந்தப் பொட்டலம் மாடிக்குப் போவதில்லை. கபீர் கடையிலேயே பாதியைத் தின்றுவிட்டு, மீதியை ரெங்கசாமியின் வீட்டில் கொடுத்துவைத்து, மறுநாளிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக வாங்கிவந்து கீழ்த்தளத்தில் தின்பார். அதைப் பத்திரப்படுத்தி வைக்கும் ரெங்கசாமிக்குக்கூடக் காரணம் தெரியாது.

மாதக்கணக்கில் ஆரபி வரகு ரொட்டியை முகர்ந்து, "வாசனை சூப்பர் பெரியப்பா," என்று பாராட்டிவிட்டுத் தன் பெட்டியைத்தான் திறந்தாள். பட்ட வலி அப்படி. அவரும் வற்புறுத்தவில்லை. போன ஞாயிறு, எதுவும் சொல்லாமல் கத்தியை எடுத்து ஒரு துண்டு வெட்டினாள். அவள் மென்று விழுங்க விழுங்க இவருக்கு வியர்த்தது.

"போதும்மா. இன்னிக்கு இவ்ளோ போதும்."

திங்கள் போனது, செவ்வாய் போனது, அவளிடமிருந்து தகவல் இல்லை. அவர் கேட்கவும் இல்லை. கேட்டால், வலித்தாலும் நல்லா இருக்கேன் என்பாள். ஒரு வருஷம் அப்படித்தானே சொன்னாள்.

புதன் காலை, ரொட்டி பாதி தின்றிருக்கும்போது மேசையின் மறு ஓரத்தில் கைப்பேசி வெளிச்சம் காட்டியது. பேரின்பநாயகம் எழுந்து போய், இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, மூக்கு திரையில் முட்டும் அளவுக்குக் குனிந்தார்.

"மூணு நாள் பார்த்துட்டுத்தான் சொல்றேன் பெரியப்பா. வயிறு ஓகே. சண்டே நான் பாக்ஸ்" என்பதுவரை படித்தார். திரை அணைந்துவிட்டது.

"ரெங்கசாமி, அதைக் கொஞ்சம் தட்டுங்க. பாக்ஸ்னு ஏதோ போட்டிருக்கு."

ரெங்கசாமி பேப்பரை வைத்துவிட்டுக் கையை நீட்டினார்.

"இருங்க. காலையில என்ன சாப்பிட்டீங்க?"

"பரோட்டா."

"அப்ப தொடாதீங்க, தொடாதீங்க," என்றார் பேரின்பநாயகம். இரண்டு கைகளையும் உடம்பில் படாமல் அகல விரித்துக்கொண்டு, இஸ்திரி போட்ட சட்டையோடு காப்பிக்கடைக் குழாயை நோக்கி ஓடினார்.