மாமா அடிக்கச் சொன்ன டீசல்

"...ரெண்டும் எண்ணெய்தானே மனே, என்ன பெரிய வித்தியாசம்? திறப்பத் திருகி ஸ்டாட் பண்ணு. ஓட ஓட எரிஞ்சி போகும்" என்றார் மாப்பிள்ளையின் தாய்மாமன், பட்டுச் சால்வையோடு என் காரின் முன்சீட்டில் சாய்ந்திருந்தபடி.

அனுபவஸ்தர் பேச்சை நாம் தட்டக்கூடாது. கரடியனாற்றில் உழவு மெசின்களை வைத்து வயல் வட்டை வட்டையாக உழுதவர். பெற்றோல் செட்டில் நான் இறங்கிப் பின்சில்லுக்குக் காற்றடிக்கப் போன இடைவெளியில், கண்ணாடியை இறக்கி "டீசல் அடி, நிரப்பு" என்று கட்டளை போட்டுவிட்டார். செட்டில் வேறு எதையும் கேட்டு அவருக்குப் பழக்கமில்லை. பட்டுச் சால்வை சொன்னால் செட்டுக்காரர் மறுப்பாரா? என் பெற்றோல் கார் வயிறு நிறையக் குடித்துவிட்டது.

"திருக ஏலா மாமா. ஓரமாத் தள்ளி விட்டு, டேங்கில கிடக்கிறத முழுக்க இறக்கணும்" என்றேன்.

அதற்குள் ஆலோசகர்கள் கூடிவிட்டார்கள். நம் ஊர்ப்பக்கம் கார் நின்றால் போதும், மருத்துவர்களுக்குப் பஞ்சமில்லை. "மேலால பெற்றோல ஊத்திக் குலுக்குங்க அண்ணன்" என்றார் ஒருவர், கார் என்னவோ பாணி மருந்துப் போத்தல் என்பதுபோல.

பின்சீட்டில் மாப்பிள்ளைக்குத் தலைப்பாகைக்குள்ளிருந்து வியர்வை வழிந்தது. ஆரையம்பதியில் பொம்பிளை வீட்டார் ஆரத்தித் தட்டோடு வாசலில் நிற்கிறார்கள். சுபநேரம் தவறினால் அன்று தாலி கட்ட வேறு நேரமில்லை. சாத்திரியாரோடு மல்லுக்கட்டி அந்த நேரத்தை வாங்கியவரும் இதே மாமாதான்.

மாப்பிள்ளையின் போன் அடித்தது. "ஓம், ஓம், கிட்ட வந்திட்டம்" என்றவர் முன்சீட்டை எட்டித் தட்டினார். "மாமா, நேரம் போகுது..."

"மனே, நீ திருகு!"

"திருகினா கல்லடிப் பாலத்து நடுவில நிண்டிரும். மறுகா மாப்பிள்ளைய வாவியில தோணி பிடிச்சித்தான் கொண்டு போகணும்."

மாமா திரும்பி மருமகன் முகத்தைப் பார்த்தார். "அப்ப நான்தான் பிழை விட்டனோ?"

ஆலோசகர்கள் எல்லாரும் குனிந்து காரின் சில்லுகளைப் பரிசோதிக்கத் தொடங்கினார்கள்.

மாமா கதவைத் திறந்து இறங்கினார். வேட்டியை மடித்துக் கட்டி நடுவீதிக்குப் போய், ஆரையம்பதி வழியாகப் போகும் கல்முனை பஸ் வர, அதற்கு முன்னால் இரண்டு கைகளையும் விரித்து நின்றார். டிறைவர் ஏச வாயெடுக்குமுன் மாப்பிள்ளையை இழுத்து வந்து முன்கதவால் ஏற்றி, தலைப்பாகை இடிபடாமல் ஒரு கையால் அமத்திப் பிடித்தபடி, தானும் பின்னால் ஏறிக்கொண்டார்.